உறைக்கிற மாதிரி ஒரு மெயில்

அண்ணனுக்கு மெயிலை அனுப்பிவிட்டு, தம்பி கையோடு மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான்.

“பெத்தவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மாசக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை என்று உனக்கு ஏதாவது உண்டா? தனிக்கட்டைக்கு வந்து போக என்ன கேடு? இனி அம்மா செத்தாலும் உனக்குத் தகவல் வராது. நீயும் அங்கேயே கிடந்து சாவு.”

மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. “அந்தக் கடைசி வரியையாவது எடுத்திருக்கலாம்.”

“உறைக்கிற மாதிரி சொன்னாத்தான் உறைக்கும்” என்றான். “போயாச்சு, விடு.”

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, துணி மாற்றி, அவனுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டால், “வேலைடா, முடிச்சுட்டு வரேன்” என்று ஒரே பாட்டு. போனில் திட்டலாம் என்றால், அந்தக் குரலைக் கேட்டதும் இளகிவிடுவான். அதனால்தான் மெயில்.

அதுவும் சொந்த சர்வரிலிருந்து. நம் வீட்டு விஷயத்தை ஊரான் கம்பெனி எதற்குப் படிக்க வேண்டும் என்று, ஹாலில் செருப்பு அலமாரி மேல் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து மெயில் சர்வராக்கியிருந்தான். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. சோதனைக்குத் தனக்கே ஒரு மெயில் போட்டான், வந்தது. மனைவிக்குப் போட்டான், அதுவும் வந்தது. அன்றைக்கு ஐயா கால் தரையில் இல்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் பையும் கையுமாக வாசலில் நின்றார்.

சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையைக் கழுவிக்கொண்டு நேராக அம்மாவிடம் போனார். விரிப்பு மாற்றினார், ஸ்பூனால் ஊட்டினார். அம்மா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனாள்.

“இனிமே அம்மாவை நான் பாத்துக்கறேன்டா. நீ கொஞ்சம் தூங்கு” என்றார்.

தம்பி அடுக்களைக்குள் வந்து மனைவியிடம் காதைக் கடித்தான். “பாத்தியா, உறைச்சிருக்கு. ஆளைப் பாரு, குத்த உணர்ச்சி தின்னு எலும்பும் தோலுமா ஆக்கிடுச்சு.”

மெயிலைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க எந்த முகம் இருக்கும் என்று தம்பியும் விட்டுவிட்டான். ஜெயித்தவன் வாயைத் திறந்து சொல்லிக்காட்ட வேண்டியதில்லையே.

மறுநாள் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். அண்ணனின் பையில் ஒரு கட்டு மாத்திரையைப் பார்த்து, விடாமல் கேட்டிருக்கிறாள்.

“வயித்துல கட்டியாம். ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியும் வீடுமாவே இருந்திருக்கார். இப்பத்தான் எழுந்து நடக்கிறாராம். ‘அம்மாவோட அல்லாடிக்கிட்டிருக்கான், என் பாரமும் அவனுக்கு எதுக்கு’ன்னு மறைச்சிருக்கார். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்.”

சாவு என்று எழுதியது நினைவுக்கு வந்து தம்பிக்கு உடம்பு கூசியது. ஆனால் அதுவும் கொஞ்ச நேரம்தான்.

“பாவம்தான். இருந்தாலும், நான் அப்படி எழுதலைன்னா வந்திருப்பாரா?”

அவள் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். லீவு கேட்டு மெயிலே வரவில்லை, இதுதான் ஒழுங்கா என்று மேலதிகாரி ஏறிவிட்டார். அனுப்பினேனே சார் என்று இவன் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று பதறிப்போய், கம்ப்யூட்டர் தெரிந்த நண்பனைப் பிடித்தான்.

நண்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் போட்டுப் பாத்தா போதுமா? ரெண்டு மெயில் பெட்டியும் அதே லேப்டாப்லதானே இருக்கு. வீட்டு கனெக்‌ஷன்ல இருந்து மெயில் வெளிய போற வழியை நெட் கம்பெனிக்காரன் அடைச்சு வச்சிருப்பான். சுத்து வழி ஒண்ணு தரேன், அதை மாத்திப் போடு.”

“அப்போ என் லீவு மெயில்?”

“எல்லாம் பத்திரமா உள்ளதான் நிக்கும். வழி கிடைச்சதும் தானாவே போயிடும். ஒண்ணுகூடத் தொலையாது.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் தம்பிக்கு உயிர் வந்தது. நண்பன் சொன்னதைச் சொன்னபடி தட்டினான். தப்பு வந்தது. திரும்பத் தட்டினான். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். நின்றுபோன மெயில்கள் ஸ்க்ரீனில் வரிசையாக வந்து நின்றன. ஆபீஸ் முகவரி இருந்தது. அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் பழையதாக, அண்ணனின் முகவரி இருந்தது.

முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது.

அந்த மெயில் இந்த வீட்டைத் தாண்டவே இல்லை. அண்ணனை யாரும் திட்டவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. எழுந்து நடக்க முடிந்ததும் அவராகத்தான் கிளம்பி வந்திருக்கிறார்.

தம்பி பாய்ந்து நெட் வயரைப் பிடுங்கினான். அதற்குள் மேலே இருந்த வரி மறைந்துவிட்டது.

உள்ளறையில் போன் சிணுங்கியது.

“தம்பி, உன் மெயில்தான்டா வந்திருக்கு” என்று அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “அம்மாவைத் துடைச்சு விட்டுட்டிருக்கேன், கையெல்லாம் ஈரம். நீயே வந்து படிச்சுக் காட்டேன், அம்மாவும் கேக்கட்டும்.”