காதுக்குள் பொரிந்த சத்தம்

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையாம். உங்க கார்லதான் ஏதோ இருக்குன்னு சொல்றாங்க” என்றாள் தாரணி.

பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ராஜீவ், கையில் துணியோடு நிமிர்ந்தான்.

“யாரு சொன்னா?”

“காது கிளினிக்ல. கார்ல உட்கார்ந்தா மட்டும்தான் பொரியுது, வீட்டுல இல்ல, பஸ்ல இல்லன்னேன். அப்போ காரைப் பாருங்கன்னுட்டாங்க.”

ராஜீவுக்குச் சுருக்கென்றது. அது நாற்பது வயதைத் தாண்டிய கார். வார இறுதியில் மட்டும்தான் வெளியே எடுப்பான். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. அதைக் குறை சொன்னால் அவனையே சொன்ன மாதிரி.

“கார் நல்லாத்தான்லா இருக்கு. என்ன பொரியுது?”

“கடுகு வெடிக்கிற மாதிரி. டக் டக் டக்னு.”

ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு தாரணிக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அதிலிருந்து காதில் மாட்டும் மெஷின்தான் துணை. வீட்டில் கலகலவென்று பேசுபவள், சில மாதங்களாகக் காரில் ஏறினால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. கூப்பிட்டாலும் திரும்பாமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள். மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ராஜீவ் முடிவு கட்டியிருந்தான். அதைக் கேட்டு அவன் சண்டை போட்டதில்லை. ஒரு வகையில் அது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்க. எனக்குக் கேக்கறத அப்படியே தட்டிக் காட்டறேன்.”

அவன் எஞ்சினைக் கிளப்பினான். தாரணியின் விரல் கதவின் மேல் தாளம் போட ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தான். விரலின் வேகம் கூடியது. காலை எடுத்தான். விரலும் தளர்ந்தது.

ராஜீவ் டிக்கியில் கிடந்த சின்ன ரேடியோவை எடுத்துவந்து எஞ்சின் பக்கத்தில் வைத்தான். அவள் விரல் போட்ட அதே தாளத்தில் அது பொரிந்து தள்ளியது.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பிளக் ஒயர்களைக் குனிந்து பார்த்தான்.

“என்னாச்சு?”

“நான்தான் காரணம்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஸ்பார்க் பிளக்குக்குப் போற ஒயர்ல ரெசிஸ்டர் இருந்துச்சு. ஒவ்வொரு தடவை பொறி அடிக்கறப்பவும் ஒரு இரைச்சல் கிளம்பும். அத அடக்கி வைக்கறதுதான் அதோட வேல. அத எடுத்துட்டு வெறும் காப்பர் ஒயர் போட்டேன். அந்த ஒயர் ஏரியல் மாதிரி சுத்திலும் இரைச்சல பரப்புது. உன் மெஷினுக்குள்ள போன் பேசறதுக்குன்னு ஒரு காயில் இருக்குல்ல, அது அத்தனையும் பிடிச்சிடுது.”

“எதுக்கு மாத்துனீங்க?”

“பொறி பலமா அடிக்கும்னு பழைய கார் வச்சிருக்கறவங்க குரூப்ல சொன்னாங்க.”

“அடிச்சுதா?”

“ஒரு வித்தியாசமும் இல்ல.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “இரைச்சல் வெளிய வராம இருக்க ஒயர் மேல கம்பி வலைல ஒரு உறை இருந்துச்சு. அசிங்கமா இருக்குன்னு அதையும் உரிச்சுப் போட்டேன்.”

தாரணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அது அவனை இன்னும் குன்ற வைத்தது. பளபளக்கும் ஒயரைக் காட்டிப் பெருமையடிப்பதற்காக இவள் காதுக்குள் இத்தனை நாளும் கடுகு வறுத்திருக்கிறான்.

“முன்னாடியே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மெஷின மாத்துன்னு சொல்லியிருப்பீங்க.”

ராஜீவ் துணியைக் கீழே வைத்தான்.

மேலே வீட்டுக்குப் போய், சாமான் அறையாகிவிட்ட பாம்ப் ஷெல்ட்டரில் போட்டு வைத்திருந்த பழைய ஒயர்களையும் உறைகளையும் தேடி எடுத்துவந்தான். காப்பர் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் பழையவற்றை மாட்டினான். உறைகளை இழுத்துவிட்டு, அவற்றின் முனைகளை எஞ்சின் உடம்போடு சேர்த்து முறுக்கினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாரணி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். அவள் அப்படி நிற்க நிற்க அவனுக்குக் கூச்சம்தான் ஏறியது.

மறுபடி கிளப்பினான். கதவின் மேலிருந்த அவள் விரல் அசையவே இல்லை.

“ஒண்ணுமே கேக்கல” என்றாள்.

“ஏறு. சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நல்ல கடையா நீயே சொல்லு.”

வழியெல்லாம் கார் சீராக ஓடியது. லிட்டில் இந்தியா நெருங்கியதும் வண்டிகள் ஊர்ந்தன. பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள் தாரணி. பாரம் இறங்கிய தைரியத்தில் ராஜீவ் பேச்சுக் கொடுத்தான்.

“சாரி தாரணி. இனிமே நீ கார்ல மெஷின ஆஃப் பண்ணிட்டு உட்கார வேண்டியதில்ல.”

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“நான் எப்போ ஆஃப் பண்ணேன்? ஆஃப்ல இருந்தா அந்தச் சத்தம் எப்படிங்க கேட்டிருக்கும்?”

ராஜீவ் பிரேக்கை மிதித்தான். அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டில் போன் அடித்தது. ஜொகூரிலிருந்து அவனுடைய அக்கா. ஞாயிறுதோறும் அவன் கார் ஓட்டும்போது கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டு மனம்விட்டுப் பேசுவான். இன்று அவன் கை போன் பக்கம் போகவில்லை.

“எடுங்க” என்றாள் தாரணி. “காது கேக்காத பொண்டாட்டியோட நாலு பேர் முன்னாடி போய் நிக்க வெக்கமா இருக்குன்னு போன வாரம் அவங்ககிட்ட சொல்லிட்டிருந்தீங்க, மிச்சத்த இன்னிக்கு இரைச்சல் இல்லாம கேக்கறேன்.”