அசுர பலம்

ஹெர்குலியன்.

அந்தச் சொல்லில் அவளுடைய பென்சில் நின்றது.

சிறை அதிகாரியின் ஆங்கில அறிக்கை, நான்காம் பக்கம், கடைசிப் பத்தி. விசாரணைக் கைதி கொம்பையா ஹெர்குலியன் பலத்தோடு காவலர்கள் மேல் பாய்ந்தார். அவரை அடக்க ஆறு பேர் தேவைப்பட்டனர். அடக்கிய சற்று நேரத்தில் மூச்சு நின்றது.

நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவள் கையெழுத்திலேயே சொற்பட்டியல் இருக்கிறது. பார்த்து அடித்துவிட்டுப் போகலாம்.

ஹெர்குலியன்: அசுர பலம் கொண்ட.

ஆனாலும் அகராதியை எடுத்தாள்.

கிரேக்கக் கதை வீரன் ஒருவனுடையதைப் போன்ற பெரும் வலிமை. பெரும்பாலும் வேலையையும் முயற்சியையும் குறித்து வரும். உதாரண வாக்கியங்களில் ஒருவன் மலையைக் குடைந்தான். ஒருத்தி ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தாள்.

யாரும் சாகவில்லை.

உறுத்தியது அது மட்டுமல்ல. இதே வாக்கியத்தை முன்பும் அடித்திருக்கிறாள்.

கணினியில் தேடினாள். இரண்டு பழைய கோப்புகள் வந்தன. போன வருடம் காவலில் இறந்த ஒரு பெயின்டர். அதற்கு முந்தைய வருடம், பேருந்து நிலையத்தில் பழம் விற்றவர். அதே சிறை. ஹெர்குலியன் பலம். பாய்ந்தார். ஆறு பேர்.

எப்போதும் ஆறு பேர்.

இரண்டிலும் தமிழ் அவளுடையது. பழக்காரர் வழக்கின் முடிவும் கூடவே இருந்தது. ‘இறந்தவர் அசுர பலத்துடன் தாக்கியதால் பலப்பிரயோகம் தவிர்க்க இயலாததாயிற்று.’ மாஜிஸ்திரேட் அவள் சொல்லை அப்படியே எடுத்திருந்தார்.

அசுரன் என்று எழுதிவிட்டால் வதம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. சூரனுக்காக யாரும் அழுது அவள் பார்த்ததில்லை.

கோப்பைப் பின்னாலிருந்து புரட்டினாள். பக்கம் முப்பத்தொன்று. கொம்பையாவைச் சிறையில் சேர்த்த அன்று எடுத்த உடல் குறிப்பு. கிறுக்கலான ஆங்கிலம்.

உயரம் ஐந்தடி இரண்டு. எடை நாற்பத்தொரு கிலோ. வலது கையில் பழைய முறிவு, தோளுக்கு மேல் தூக்க இயலாது. காசநோய் மாத்திரையைத் தொடர வேண்டும்.

இதை மொழிபெயர்க்க யாரும் சொல்லவில்லை. கோப்பில் குத்தியிருந்த சீட்டில் பக்கம் ஒன்று முதல் ஆறு வரை என்றுதான் இருந்தது.

பிரிவுக் கண்காணிப்பாளர் பெலிக்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“சீட்டுல உள்ளத மட்டும் அடிங்கம்மா. ஆள நிறுத்துப் பாக்க நாம என்ன தராசா?”

“முன்னாடி ரெண்டு பேருக்கும் இதே வார்த்ததான் சார் எழுதியிருக்காங்க.”

“நீங்களும் ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்ததான போட்டிருக்கிய. அப்பம் வராத சந்தேகம் இப்பம் எங்கிருந்து வந்துது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

வராந்தா பெஞ்சில் கொம்பையாவின் மனைவி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நாளை மறுநாள் சாவு குறித்த விசாரணை. வக்கீல் வைக்க வழியில்லை. இந்தத் தமிழ் நகலை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவளேதான் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று பேச வேண்டும்.

“உங்க வீட்டுக்காரரு ஆளு எப்படி?” பெஞ்சருகே போய்க் கேட்டாள்.

கொம்பையாவின் மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

“எதுக்குக் கேக்கிய?”

அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் சொன்னாள். “கேஸ் சிலிண்டர் வந்தா நாந்தான் உருட்டிட்டு வருவேன். அவிய கதவப் பிடிச்சிக்கிட்டு நிப்பாவ.”

எழுந்து, பிரிவில் தன் மேசைக்குத் திரும்பினாள்.

நான்காம் பக்கத்தை அடித்தாள். ‘ஹெர்குலிஸ் என்னும் கிரேக்கக் கதை வீரனுடையதைப் போன்ற பலத்தோடு.’ கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஆறாம் பக்கம் முடிந்தது. அசலுக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்ற வரி அங்கே வர வேண்டும். அதன் கீழே அவள் கையெழுத்து.

புதிய தாள் ஒன்றைத் திறந்தாள்.

பக்கம் முப்பத்தொன்று, என்று அடித்தாள். எடை, என்று அடித்தாள்.

அந்த வரியும் கையெழுத்தும் இதற்குக் கீழேதான் வந்தன.

மாலையில் பெலிக்ஸ் அனுப்புகைப் பதிவேட்டை விரித்தார்.

“கொம்பையா கோப்பு. ஆறு பக்கம், இல்லையா?”

“ஏழு, சார். அந்தம்மாவுக்கு நகல் குடுத்தாச்சு.”

அவர் எழுந்து வராந்தாவை எட்டிப் பார்த்தார்.

பெஞ்சு காலியாக இருந்தது.