ஆங்கிலத்துக்குப் போன சொல்

பலகையில் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டுத் திரும்பினேன். பரையா.

தகரக் கூரைக்குக் கீழே ஓ.எல். பரீட்சைக்கான ரியூசன் வகுப்பு. கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு நிலையத்தின் உரிமையாளர் குகனேசன் சேர். பட்டம் எடுத்தும் வீட்டில் இருக்கிற எனக்கு இந்தப் பாடம்தான் நேர்முகத் தேர்வு. அவருக்குப் பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த பஸ்.

"ஒரு இங்கிலிஸ் சொல்லை எடுத்து, கருத்தையும் அது வந்த வழியையும் படிப்பியும்" என்றிருந்தார்.

அதற்கு முன் "பிள்ளை எவடம்?" என்றார். இணுவில் என்றேன். "இணுவிலிலை எந்தப் பக்கம்" என்று தொடங்கும்போது மணி அடித்துவிட்டது.

இங்கே யாரும் சாதியை நேரே கேட்பதில்லை. இப்படித்தான் பக்கம் பக்கமாகக் கிட்ட வருவார்கள்.

"கருத்து ஆருக்குத் தெரியும்?"

சுபாங்கன் எழும்பினான். "ஒருத்தரும் சேர்க்காத ஆள், மிஸ். ஒதுக்கி வைச்ச ஆள்."

"சரி. ஆனா இது எங்கடை சொல். பறை அடிச்சவையின்ரை பேரை வெள்ளைக்காரன் கொண்டுபோனவன். இந்தக் கருத்தை அவனுக்கு ஆர் குடுத்தது?"



"எங்கடை ஆக்கள்தான், மிஸ்" என்றாள் முன்வாங்கு வினோஜா.

பறைதல் என்றால் சொல்லுதல் என்றேன். ஊருக்குச் செய்தி சொன்ன கருவிக்கும் அதனால்தான் பறை என்று பெயர். எத்தனையோ பெரிய வீட்டுப் பிரேதங்கள் அது முழங்கித்தான் படலை தாண்டின. அகராதிக்காரன் முழக்கத்தை விட்டுவிட்டு ஊத்தையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு கருத்தையும் கொப்பியிலை எழுதுங்கோ."

சேர் எழுந்து வந்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கட்டுமரம், சுருட்டு எண்டு எத்தினை சொல் கிடக்குப் பிள்ளை. பலகையிலை கிடக்கிற உதை அழியும். வகுப்பிலை உவையின்ரை பிள்ளையளும் இருக்கலாம். மனம் நோகுமெல்லே."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டஸ்டரை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஓம் சேர், இருக்கலாம். ஒராள் இஞ்சை பலகைக்கு முன்னுக்கும் நிக்கிறா. அவவுக்கு மனம் நோகேல்லை."