எட்டாவது வரி

ஆறு வரி எழுதிவிட்டேன். ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

"என்னங்க, மறந்துபோச்சா?" என்றார் கம்பெனி வக்கீல். குரலில் தேன் ஒழுகியது.

மறக்கவில்லை. ஏழாவது கறுப்புக் கொட்டை, ஒரு கைப்பிடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுதப் பயம், அவ்வளவுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் காப்புரிமை அதிகாரியம்மா. மூலையில் கணினி முன்னால் தட்டச்சுக்காரப் பெண். என்னை ஒட்டி அக்கா. மேசைக்கு அடியில் அவள் கால் என் காலை மிதித்துக்கொண்டிருந்தது.

குழந்தைகளின் நெஞ்சுச் சளிக்கு எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகக் காய்ச்சும் மருந்து. அதைத் தாங்களே கண்டுபிடித்ததாகக் கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. உரிமை அவர்களுக்குப் போனால், எங்கள் அடுப்பில் நாங்களே அதைக் காய்ச்சக் கூடாது.

எங்களிடம் எழுதி வைத்த ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதனால் அதிகாரியம்மா ஒரு வழி சொன்னார். கம்பெனி மனுவைப் பார்க்காமல், அவர் கண் முன்னால் நான் செய்முறையை எழுத வேண்டும். இரண்டும் அச்சாகப் பொருந்தினால் மனு தள்ளுபடி.

பொருந்தும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஆராய்ச்சி என்று சொல்லி ஒருவர் வந்தார். நோட்டுக்காரர் என்று அக்கா பேர் வைத்தாள். பதினோரு நாள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினார். அவருக்கு நான் சொன்னதுதான் அந்த மனுவில் இருக்கும்.

காலையில் இந்த அறையில் காத்திருந்தபோதே எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது. தட்டச்சுக்காரப் பெண் பேச்சுக் கொடுத்தாள். கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினாள். இதே கம்பெனியின் சளி மருந்து. மத்தியானம் கீழ்த்தளக் குழந்தைகள் காப்பகத்தில் மகளுக்குக் கொடுக்க வைத்திருக்கிறாளாம்.

"நாலு மாசமா இதுதாங்க. ஆரஞ்சு வாசனையா இருக்குல்ல, பொண்ணு கேட்டு வாங்கிக் குடிக்கிறா."

ஒரு சொட்டு வாங்கி நாக்கில் விட்டுப் பார்த்தேன். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

ஏழாவது வரியை எழுதினேன். கோணல்மாணலாக வந்தது.

அதிகாரியம்மா கையை நீட்டினார். "முடிஞ்சுதா?"

அக்காவின் கால் இன்னும் அழுத்தியது. முடிந்தது என்று சொல்லுடா என்று அர்த்தம். அக்கா சரியான அழுத்தக்காரி. மச்சான் முப்பது வருடமாக மருந்தின் ரகசியத்தைக் கேட்டு அலுத்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்.

யார் கேட்டாலும் ஏழு பொருளையும் சொல்வோம், அளவையும் சொல்வோம். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டோம். அந்தக் கொட்டையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, ஒன்பது தடவை கழுவ வேண்டும். கழுவினால் துளியும் கசக்காது. கழுவாவிட்டால் அது ஈரலைத் தின்னும்.

இதைச் சொல்லாமல் விட்டதால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கழுவாத கொட்டையின் கசப்பை எந்தப் பிள்ளையும் விழுங்காது, துப்பிவிடும். திருடியவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தார்கள். கசப்புதான் எங்கள் பூட்டு. அது காவலும்கூட.

அதன் மேல் ஒருவன் சர்க்கரையையும் ஆரஞ்சையும் கொட்டுவான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எட்டாவது வரியை எழுதினால் செய்முறை பொருந்தாது. 'அது வேறு, எங்களது வேறு' என்று வக்கீல் எழுந்து நிற்பார். எங்கள் உரிமை போய்விடும். ஐந்து தலைமுறை வாய் திறக்காமல் காத்ததும் அவர் கைக்கே போய்விடும். எழுதாவிட்டால் ஜெயித்துவிடுவோம். இதுதான் முழுச் செய்முறை என்று என் கையெழுத்தோடு அரசாங்கத்தில் பதிவாகிவிடும்.

குனிந்து அக்காவின் காதில் சொன்னேன்.

"அக்கா, அது கசக்குதுக்கா. ஆரஞ்சுக்கு அடியில கசக்குது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த பெண்ணைப் பார்த்தாள். நாற்காலியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள்.

பிறகு என் காலின் மேலிருந்து தன் காலை எடுத்தாள்.

எழுதினேன். கழுவும் விதத்தை எழுதினேன். கழுவாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதி, தாளை நகர்த்தினேன்.

அதிகாரியம்மா ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். தட்டச்சுக்காரப் பெண் கூடவே அடித்துக்கொண்டு வந்தாள். ஏழு வரிக்கும் அதிகாரியம்மா கம்பெனி மனுவைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். வக்கீலின் முகம் தொங்கிப்போனது.

எட்டாவது வரியைப் படிக்கத் தொடங்கியதும் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார்.

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.