ஆபீஸில் நம்ம ஆள்

"என்னைக்குன்னு சொல்ல முடியாது. ஆனா இந்த வாரம் கண்டிப்பா ஆய்வுக்கு வராங்க. நான் சொன்னதா வெளியில தெரியக் கூடாது" என்றது போனில் அந்த அலுத்துப்போன அரசாங்கக் குரல்.

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மேனேஜர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். போன ஆய்விலேயே குறை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இன்னொரு தடவை எழுதினால் லைசென்ஸ் போய்விடும், இல்லத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு ஏழாம் அறையின் அழைப்பு மணி வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காதில் வராந்தாவிலிருந்தும் மறு காதில் போனிலிருந்தும் கேட்டது. இருந்த பதற்றத்தில் அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத்தான் கேட்டது.

"ரொம்ப நன்றி சார். நீங்க யாருன்னு..." அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

"சிஸ்டர்! ஏழாம் ரூம்ல எவ்வளவு நேரமா மணி அடிக்குது?"

"காலையிலேர்ந்து அடிக்குது மேடம். டெய்லரைத் தூக்கி உட்கார வைக்கணுமாம். அவருக்கு வேற வேலை என்ன?"

"ஓடுங்க! இந்த வாரம் முழுக்க மணி அடிச்ச கையோட ஆள் போய் நிக்கணும். ஆபீஸ்ல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், தகவல் வந்திருக்கு!"

அப்புறம் அந்த இல்லம் கல்யாண வீடாகிவிட்டது. பெட்ஷீட்டுகள் மாறின, ஃபேன்களில் தொங்கிய ஒட்டடை காணாமல் போனது. சமையல்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தான் வைத்த சூப்பைத் தானே குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கொட்டிவிட்டு மறுபடியும் வைத்தார்.

அதுவரை ரூம் நம்பராக இருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் ஐயாவும் அம்மாவும் ஆனார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த டெய்லரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணையும் வைத்தார்கள். தெருவைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அரசாங்கத்து மேல பயம் இருக்கணும் டெய்லரே" என்று கொட்டாவி விட்டார் பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிட்டையர்டு ஹெட் கிளார்க்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தே விட்டார். ஏழாம் அறை மணியை அழுத்திப் பார்த்தார். அவர் விரலை எடுப்பதற்குள் சிஸ்டர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, கரண்டியோடு சமையல்காரரும் வந்து நின்றார்.

"பிரமாதம்! போன தடவை பார்த்த இடமா இது?" என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். "உண்மையைச் சொன்னா, இந்த மாசம் இங்க வர்ற யோசனையே எங்களுக்கு இல்ல. உங்க வாசல்ல ஜீப் பஞ்சராயிடுச்சு. ஒட்டி முடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு உள்ள வந்தேன்."

ஜீப் கிளம்பியதும் மேனேஜர் அம்மா பூரித்துப் போனார். "பார்த்தீங்களா சிஸ்டர்? டயர் பஞ்சராகப் போறதைக்கூட நம்ம ஆள் முன்கூட்டியே கண்டுபிடிச்சிருக்கார்!"

லைசென்ஸ் பிழைத்தது. மறுநாளே கஞ்சி ஆறிப்போய் வந்தது, ஐயாக்கள் இருவரும் மறுபடியும் "ஏழு" ஆனார்கள். மணியை அழுத்தி அழுத்தி டெய்லருக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். வராந்தாவில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

டெய்லர் பெருமூச்சு விட்டார். தலையணைக்கு அடியில் கையை விட்டுச் செல்போனை எடுத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினார்.

"இந்தாங்க ஹெட் கிளார்க், இந்தத் தடவை மந்திரியே வராருன்னு சொல்லிடுங்க."