சுவருக்கு அந்தப் பக்கம்

சுவரில் டொக், டொக்கென்று சத்தம் கேட்டதும் ஆலீஸ் அம்மாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டார்," என்று சொல்லி, கையிலிருந்த காப்பிக் கரண்டியால் பதிலுக்குச் சுவரில் தட்டினாள்.

தரையில் மண்டியிட்டு, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் புதுத் திருகு மாட்டிக்கொண்டிருந்த பாலச்சந்திரன் நிமிர்ந்து பார்த்தான். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து பாரிஸின் லா சப்பல் பகுதியில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் சிக்கனம் வந்துவிட்டது. ஆளிருக்கிற வீட்டில் சூட்டைக் குறைக்கும் திருகு வைக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் சூட்டை அடியோடு மூடிவிட வேண்டும். அதுதான் அவன் வேலை.

"ஆரம்மா அது?"

பக்கத்து வீட்டுக்காரர் என்றாள். முகம் பார்த்ததில்லையாம். சுவருக்கு அந்தப் பக்கமும் இதே மூன்றாம் மாடிதான், ஆனால் வேறு வாசல், வேறு படிக்கட்டு. மகன் ழான்-லூக் அவளை இங்கே குடிவைத்துவிட்டு லியோன் நகருக்குப் போன குளிர்காலத்தில்தான் முதல் தட்டு கேட்டது. அன்றிலிருந்து சாயங்காலமானால் அவர் தட்டுவார், இவள் தட்டுவாள். அவளோடு பேச வேறு யாருமில்லை.

"வெயில் வந்தா எங்கேயோ போயிடுவார். குளிர ஆரம்பிச்சா வந்துடுவார். சில நாள் நான் தட்டினா பதிலே இருக்காது. கோவக்காரர்," என்று சிரித்தாள். "நீ அந்த வீட்டுக்கும் போவியா தம்பி?"

"ஓம் அம்மா. அடுத்தது அதுதான்." பையிலிருந்த சாவியை அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெளியே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போக, மேசையில் கிண்ணங்கள் அதிர்ந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அப்ப ஒரு வார்த்தை சொல்லு. ஒரு நாள் காப்பி குடிக்க வரட்டும். நானா போய்க் கூப்பிட்டா நல்லாருக்காது."

அவன் திரும்பி வர அரை மணி ஆயிற்று. மேசையில் இரண்டு கிண்ணங்கள் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தன.

"சொன்னியா?"

"சொன்னனான்."

"எந்த ஊராம்?"

"அது கேக்கேல்லை."

"இவ்வளவு நேரம் பின்னே என்னதான் பேசின?"

பாலச்சந்திரன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "படி ஏறி இறங்க ஏலாதாம், அம்மா. ஆனா நீங்கள் தட்டுறதை மட்டும் விட்டிட வேண்டாமெண்டு சொன்னவர்."

அவள் சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். "அது போதும்பா," என்றாள்.

கீழே கொதிகலன் அறையில் மேஸ்திரி இஞ்ஞாசி காத்திருந்தார்.

"என்னப்பா, மூணாம் மாடிக் கடைசி வீட்டை மூடிட்டியா? கெழவன் செத்து அஞ்சு வருஷமா பூட்டிக் கெடக்கு, அதுக்கு ஒரு சூடு. சூடு ஏறும்போதெல்லாம் அந்தக் குழாய் வேற டொக்கு டொக்குனு அடிச்சுக்குது."

பாலச்சந்திரன் சாவியை அவர் கையில் வைத்தான்.

"மூடேல்லை. அங்கை ஒராள் இருக்கிறார், அண்ணை."