நின்றுபோகும் மிஷின்

“மறுபடியும் எவனோ கை வெச்சிட்டான் சார்!” என்று கத்திக்கொண்டே அருள்முருகன் கேட்டைத் தள்ளினான். அவனுக்குப் பின்னால் காலிக் குடங்களோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

காலை ஆறரை மணி. சிவப்பிரகாசம் ஏற்கெனவே குளித்துச் சட்டை மாற்றியிருந்தார்.

பிரான்சில் முப்பத்தாறு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி இறந்த பிறகு, பாகூரை ஒட்டிய சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். உப்புத் தண்ணீரைக் குடித்துவந்த ஊருக்கு, தன் செலவில் சுத்திகரிப்பு மிஷின் ஒன்றை வைத்துக் கொடுத்தார். திறப்பு விழாவில் மாலை போட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் “வணக்கம் சார்” என்பார்கள். வண்டியை நிறுத்த மாட்டார்கள்.

“இன்னா ஆச்சுப்பா?”

“ப்யூஸையே காணோம் சார். இந்த மாசத்துல நாலாவது வாட்டி.”

“எங்கிட்ட வேற இருக்கு, போட்டுடலாம். மொதல்ல உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிங்க.”

உஷாராணி நேராகச் சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுபவள் அவள்தான்; வழக்கமாக அரை லிட்டர். விடியற்காலையில் அவள் ஊற்றிவிட்டுப் போன இரண்டு லிட்டரும் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துவிட்டு டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

கூடத்தில் பேச்சு சூடு பிடித்தது. யாருடைய மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது, யாருடைய கரும்பு வெட்டுக்கு வந்தது என்று சிவப்பிரகாசம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார்.

“சார் வூட்டு டீயில மட்டும் சக்கர இருக்கவே இருக்காது” என்றாள் ஆண்டாள். “பிரான்ஸ்ல ரேஷன் கடை இல்லியா சார்?”

எல்லோரையும்விட அவர்தான் அதிக நேரம் சிரித்தார்.

அருள்முருகன் மட்டும் சிரிக்கவில்லை. “கலைவேந்தன் வேலதான் சார் இது. மிஷின் வந்ததுலேருந்து அவன் கேன் தண்ணி விக்கல. ரெண்டு தட்டு தட்டினா ஒத்துக்குவான்.”

“அவர் இல்லப்பா” என்றார் சிவப்பிரகாசம் அவசரமாக. “பாக்காம யாரையும் சொல்லக் கூடாது.”

“அப்ப பாத்துடலாம். கம்பத்துல ஒரு கேமரா மாட்டுவோம். எவன்னு தெரிஞ்சதும் கோயில் வாசல்ல நிக்க வெச்சி, ஊரே காறித் துப்பணும்.”

சிவப்பிரகாசம் எழுந்துபோய் டூல் பெட்டியை எடுத்தார்.

“கேமராவும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் உஷாராணி. “கலைவேந்தன் நேத்துலேருந்து கடலூர்ல மாமியா வூட்டுல கெடக்கறான். எலிதான் இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“எலியா? ப்யூஸ் இன்னா கருவாடாக்கா?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

கூடமே அதிர்ந்தது. அருள்முருகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிச்சது போதும்டா. கொடத்த எடுத்துக்கிட்டு முன்னால நடங்க, சார் பின்னால வருவாரு.”

குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் தெருமுனை வரை கேட்டு நின்றது. வீடு மறுபடியும் பழைய வீடானது. பிரான்சிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலி டம்ளர்கள் கிடந்த கூடத்தின் நடுவே, டூல் பெட்டியைப் பிடித்தபடி சிவப்பிரகாசம் நின்றார்.

உஷாராணி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். இத்தனை நாளும் ‘சார்’ என்றே கூப்பிட்டவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“இனிமே அந்த மிஷின்ல கை வெக்காதீங்கண்ணே, தண்ணி வந்தாலும் நாங்க வரோம்.”